எட்வினின் இஞ்சின்

ஏப். 6, ஞாயிறு

காலையிலேயே வெயில். ஃபேன் காற்றும் சுடுகிறது. பால்கனி மேசையைத் துடைத்துப் பழைய பேப்பர் விரித்து வைத்தேன். முள்ளங்கி சாம்பார், அப்பளம். சாதம் கொஞ்சம் கூடவே.

கிரேஸ் மேடம் வந்தார். கேம்ப் வீட்டிலிருந்து மெட்ரோ, இறங்கி இங்கே நிக்டிக்கு ஆட்டோ. மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த மரப்பெட்டி. திறந்தால் அவர் கணவர் எட்வினின் நீராவி இஞ்சின். முழங்கை நீளம்கூட இல்லை. கரும்பச்சை, பித்தளை வளையங்கள். பார்க்கப் பொம்மைதான். ஆனால் உள்ளே இருப்பது நிஜச் செம்பு பாய்லர், அடியில் கேஸ் பர்னர். கையளவு அடுப்பின் மேல் கையளவு குக்கர், அதற்குச் சக்கரம். அவ்வளவுதான் விஷயம், அதனால்தான் ஜாக்கிரதை.

எட்வின் இறந்து இரண்டு வருஷம். அதற்கு முன்பெல்லாம் மாதம் ஒரு ஞாயிறு, நண்பர் தேஷ்பாண்டே வீட்டு மொட்டைமாடியில் போட்ட குட்டித் தண்டவாளத்தில் நாங்கள் நாலைந்து பேர் கூடுவோம். எட்வின் ஓட்டுவார். கிரேஸ் மேடம் (இனி கி.) தண்ணீர்த் தொட்டி நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பள்ளிக்கூடப் பேப்பர் திருத்துவார். நான் எட்வினோடு பேசிக்கொண்டு அந்தப் பக்கம் பார்க்காமல் இருப்பேன். பல வருஷப் பழக்கம், பார்க்காமல் இருப்பது.

"மே மொத வாரம் சென்னை போறேன் ராஜன் சார், மூணு மாசம். பொண்ணு ரீனாவுக்கு டெலிவரி. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை இதை ஓட்டணும்."

"ஓட்டித் தர்றேன் மேடம்."

"நான் ஓட்டணும்னு சொன்னேன்."

சரி என்றேன். முழுசாகச் சோதித்த பிறகுதான் என்றும் சொன்னேன். சாம்பார் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அவர் போனபின் இரண்டாவது தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். உள்ளே எடுத்து வைக்க மனசில்லை. அங்கேயே இருக்கிறது.

ஏப். 9, புதன்

ஃபேக்டரியில் நாள் முழுக்க பிரஷர் கேஜ் சோதனை. வீட்டுக்கு வந்தும் அதேதான், ஆனால் அலுக்கவில்லை.

இஞ்சினின் கேஸ் தொட்டியில் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். நிரப்பும் வாயில் குமிழி. கசிவு. ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருக்கிறது. இப்படியே பற்ற வைத்திருந்தால் வெளியே நெருப்பு.

செய்ய வேண்டியவை:
– வளையம் மாற்ற.
– கேஸ் வரும் ஜெட்டில் தூசி. ஊசி விடவே கூடாது, துளை பெரிதாகிவிடும். ஊறவைத்து ஊத வேண்டும்.
– பாய்லரில் உப்புப் படிவு. எட்வின் குழாய்த் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். அய்யோ எட்வின்.
– சேஃப்டி வால்வு, இன்னும் தொடவில்லை.

கி.க்கு ஃபோன். வளையம் பவானி பேட் கடைகளில் தேடி வாங்க வேண்டும், ஒரு ஞாயிறு கூட ஆகும் என்றேன். அதே அளவு வளையம் என் இழுப்பறையிலேயே ஒரு டப்பா நிறைய இருக்கிறது.

பால்காரரிடம் நாளை அரை லிட்டர் போதும் எனச் சொல்ல மறந்தேன்.

ஏப். 13, ஞாயிறு

கி. வந்தார். நீலப் பருத்திப் புடவை. கேம்ப் பேக்கரியிலிருந்து ஷ்ரூஸ்பெரி பிஸ்கட்.

சொல்லிக்கொடுத்தேன். முதலில் தண்ணீர், பிறகு எண்ணெய், கடைசியில்தான் கேஸ். கேஸ் நிரப்பும்போது பக்கத்தில் எந்த நெருப்பும் கூடாது, ஊதுவத்திகூட. தண்ணீர் தீரும் முன் கேஸ் தீர வேண்டும், மாறிப்போனால் வெறும் பாய்லர் காயும்.

"எங்க வீட்ல எல்லாமே மாறித்தான் தீரும்," என்று சிரித்தார்.

வாலை வடிநீரைச் சிரிஞ்சில் எடுத்துச் சொட்டும் சிந்தாமல் ஊற்றினார். விரல்களில் சாக்பீஸ் வெடிப்பு. "அவர் இதெல்லாம் தொட விடமாட்டார். கை சுட்டுக்கும்பார்." நடுவில் ரீனா ஃபோன். "மம்மி, வென் ஆர் யூ... எப்போ வர்றே? இங்கயே இருந்துடு." ஸ்பீக்கரில் கேட்டது. கி. "தேக்தே ஹை" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். பார்க்கலாமாம்.

இங்கேயே இருந்துடு. சாயங்காலம் முழுக்க அந்தக் குரல் காதில்.

ஏப். 15, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

பாய்லரில் முழுக்கக் குளிர்ந்த தண்ணீர் நிரப்பிக் கைப்பம்பால் அழுத்திச் சோதித்தேன். தண்ணீர் என்பதால் எது உடைந்தாலும் ஒழுகும், வெடிக்காது. கேஜ் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டதும் சேஃப்டி வால்வு திறந்து சொட்ட வேண்டும். சொட்டவில்லை. முள் கோட்டைத் தாண்டியது. இன்னும் தாண்டியது. நிறுத்தினேன்.

வால்வைக் கழற்றினால் ஸ்பிரிங்குக்கு மேல் மூன்று மெல்லிய பித்தளை வாஷர். அசலில் கிடையாது. யாரோ அழகாக வெட்டி, ஓரம் தேய்த்து, உள்ளே வைத்து ஸ்பிரிங்கை இறுக்கியிருக்கிறார்கள். யாரோ என்ன, எட்வின்தான். அந்த நேர்த்தி எனக்குத் தெரியும்.

அதாவது அந்த ஞாயிறுகளில் இது வால்வே இல்லாத குக்கர். கி. பத்தடி தள்ளி உட்கார்ந்து பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார்.

வாஷரை எடுத்துப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் அவர்தான் இனி ஓட்டப்போகிறார். வாஷர் இல்லாவிட்டால் வால்வு சீறும். சீறுவது கோளாறு என்று நினைத்து அவர் யாரிடமாவது கொடுத்து இறுக்கினால்?

சொல்ல வேண்டும். எட்வினைக் குறை சொல்வதில் எனக்குள் எங்கோ ஒரு சின்னச் சந்தோஷம் இருக்கிறதா என்றும் பார்த்தேன். இருந்தது. வெட்கம்.

ஏப். 17, வியாழன்

கேம்ப் போய்ச் சொன்னேன். பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தார், செருப்புகூடக் கழற்றவில்லை. வாஷர்களை மேசையில் வைத்தேன்.

"இது ரொம்ப ஆபத்து மேடம். எட்வின் இப்படிச் செஞ்சிருக்கக் கூடாது."

வாஷரைப் பார்த்தார். முகம் சிவந்தது.

"அவர் செத்தப்புறம் வந்து அவருக்கு மார்க் போடறீங்களா?"

"அப்படியில்ல..."

"இஞ்சினைச் சரி பண்ணத்தான் குடுத்தேன். அவரைச் சரி பண்ண இல்ல. போங்க ராஜன் சார். பிளீஸ்."

வந்துவிட்டேன். மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தது. உட்காரவில்லை.

ஏப். 18, புனித வெள்ளி

அவர் கோயிலில் இருப்பார். ஃபோன் செய்யவில்லை. துணி துவைத்தேன். மாடியில் யாரோ மிளகாய் காய வைத்து ஒரே தும்மல்.

ஏப். 22, செவ்வாய்

ஈஸ்டருக்கு வாழ்த்து அனுப்பியதற்குப் பதில் இல்லை. பார்த்துவிட்டதற்கான நீலக் கோடுகள் மட்டும்.

வால்வு இப்போது சிவப்புக் கோட்டில் சரியாகத் திறக்கிறது. பாய்லரை மறுபடி அழுத்தினேன், சொட்டு ஒழுகல் இல்லை. உப்புப் படிவு நீக்கியாயிற்று, ஜெட் சுத்தம். வளையமும் மாற்றியாயிற்று. தாமதிக்க இனி ஒரு காரணமும் மிச்சமில்லை.

தேஷ்பாண்டே ஃபோனில்: "அரே ராஜன், காடி தயார்? ஞாயித்துக்கிழமை டிராக் காலி." வண்டி தயார் என்றேன். ஓட்டுபவர் வருவாரா தெரியாது என்று சொல்லவில்லை.

சாம்பார் வைக்கவில்லை. பிரெட்.

ஏப். 24, வியாழன்

ஃபேக்டரியிலிருந்து வந்தால் வாசல் படியில் கி. பக்கத்து வீட்டு அம்மா உள்ளே கூப்பிட்டும் போகாமல் உட்கார்ந்திருந்தாராம்.

தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பேசினார்.

"அது எனக்காகப் பண்ணது."

எது என்றேன்.

"மொதல்ல ஓட்டின அன்னிக்கு அந்த வால்வு சீறிச்சு. நான் பயந்து கத்திட்டேன். கையிலிருந்த பேப்பரெல்லாம் பறந்திருச்சு. எல்லாரும் சிரிச்சாங்க, நீங்களும்தான். இனிமே வரமாட்டேன்னேன். அடுத்த தடவை சீறல. சரி பண்ணிட்டேன் கிரேஸ், இனி வான்னார். என்ன பண்ணார்னு நான் கேக்கவே இல்ல."

சிரித்தேனா? ஞாபகம் இல்லை. சிரித்திருப்பேன்.

"நீங்க சொன்னது சரி. தப்புதான். ஆனா நான் பக்கத்துல இருக்கணும்னு பண்ணார் சார்." அழவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார்.

மனைவி பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதற்காக ஒரு மனுஷன் பாய்லரின் வாயைக் கட்டியிருக்கிறான். பொறுப்பில்லாத வேலை. எனக்கு அவன்மேல் பொறாமை. முப்பது வருஷமாக எல்லா வால்வும் சரியாக வைத்திருக்கிறேன், யார் உட்கார்ந்தார்கள் என் பக்கத்தில்?

"அந்தச் சத்தம் இப்போ வருமா?" என்றார்.

"வரும். வரணும்."

"சரி. ஞாயித்துக்கிழமை வர்றேன்."

ஏப். 27, ஞாயிறு

தேஷ்பாண்டே மாடி. பத்து மணிக்கே தரை கொதித்தது. நனைந்த துணி, தீயணைப்பான், வாளித் தண்ணீர் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தேன்.

தண்ணீர், எண்ணெய், கேஸ். எல்லாம் கி.யே செய்தார். லைட்டரைப் புகைபோக்கி மேல் பிடித்து கேஸைத் துளித் துளியாகத் திறந்தார். டப் என்று நெருப்பு உள்ளே போய் உட்கார்ந்தது. நான் தீயணைப்பானைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

முள் ஏறியது. சிவப்புக் கோட்டில் வால்வு சீறியது, வெள்ளை ஆவி அவர் முகம் வரை. நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. அவர் பின்வாங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றார். சத்தம் அடங்கும்வரை அப்படியே. அந்த நேரம் அவர் எங்களோடு இல்லை. எங்கே இருந்தார், யாரோடு இருந்தார் என்று எனக்குத் தெரியும்.

பிறகு சக்கரத்துக்கு ஆவி விடும் ரெகுலேட்டரைத் திறந்தார். சக்கரம் இரண்டு முறை தயங்கி, தண்ணீர் துப்பி, ஓடியது. கேஸ் தீரும்வரை ஓடியது. அவரும் கூடவே நடந்தார், குனிந்தபடி, குழந்தையை நடக்கப் பழக்குபவர் மாதிரி. முதுகில் வியர்வை.

"மஸ்த்!" என்றார் தேஷ்பாண்டே. பிரமாதமாம்.

மே 3, சனி

கேம்ப்பில் அவர் வீடு. இஞ்சினைத் துடைத்து எண்ணெய் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். ஹாலில் இரண்டு பெரிய சூட்கேஸ். மூன்று மாதத்துக்கு இவ்வளவா?

"இதை நீங்களே வச்சுக்கோங்க ராஜன் சார். இங்க சும்மா தூங்கும்."

"வேண்டாம் மேடம்."

"ஏன்? இவ்வளவு வேலை பார்த்தீங்க. பின்ன என்னதான் வேணும் உங்களுக்கு?"

வாய் தானாகச் சொல்லிவிட்டது. "நீங்க திரும்பி வரணும்."

கீழே தெருவில் ஆட்டோ ஹாரன். அவர் சூட்கேஸ் பட்டையை இழுத்துக் கட்டிக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே கட்டியிருந்தது.

"ரீனா அங்கயே இருன்னு சொல்றா. சர்ச்ல எல்லாரும் போ, பேரப்பிள்ளையோட இருன்னு சொல்றாங்க. வான்னு யாரும் சொல்லல."

"நான் சொல்றேன்."

"எட்வின் இன்னும் இந்த வீட்ல இருக்கார், ராஜன்."

"தெரியும். மாடியில பார்த்தேன்."

வெறும் ராஜன், சார் போய்விட்டது. படி இறங்கும்போதுதான் உறைத்தது.

இஞ்சினை அவரே ஷோகேஸில் வைத்துப் பூட்டினார்.

மே 5, திங்கள்

மேகம் இருக்கிறது, மழை இல்லை. நேற்று கி. கிளம்பினார். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம் என்றிருந்தார், போகவில்லை. வண்டி கிளம்பும் நேரத்தில் பால்கனியில் நின்றேன், இங்கிருந்து ஒன்றும் தெரியாது.

இன்று லீவு போட்டிருக்கலாம். ஃபேக்டரியில் ஒரே கேஜை இரண்டு முறை சோதித்தேன்.

டீ நேரத்தில் ஃபோனில் கி. அனுப்பியது. ஆங்கில எழுத்தில் தமிழ், அவருக்கு அப்படித்தான் எழுத வரும். காலையிலேயே வந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை:

"குண்டக்கல்ல வண்டி ரொம்ப நேரம் நின்னுச்சு. இட்லி வாங்கினேன். சட்னி புளிப்பு. ஆகஸ்ட்ல திரும்பி வர டிக்கெட் எப்போ ஓபன் ஆகும், பார்த்துச் சொல்றீங்களா?"