ஏழாம் நம்பர் அறைக்காரி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம் என்று ஆரம்பிக்கலாம்தான், ஆனால் நலமாக இருக்கும் இந்த ஆள் யார் என்பதில் எனக்கே இப்போது கொஞ்சம் குழப்பம். போனில் சொன்னால் பாதியில் குறுக்கே விழுந்து அறிவுரை சொல்வாய். காகிதத்தை நீ மறித்துப் பேச முடியாது.

முதலில் வம்பு. மாடிவீட்டுக்காரர் தலைக்குச் சாயம் அடித்ததில் இரண்டு காதும் சேர்ந்து கறுத்துவிட்டன. அதைப் பார்க்காத மாதிரி பேச நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நான் மட்டும் ஒழுங்கா என்ன? கண்ணாடிக் கடையில் வாடிக்கையாளர் ஒருவரின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். தெரு ஏன் இப்படிச் சாய்ந்து கிடக்கிறது என்று வழியெல்லாம் யோசனை.

இனி விஷயம். அப்பாவைப் பார்க்கும் டாக்டர், மறதி நோய்க்காரர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு ஆஸ்பத்திரி மாடியில் ஒரு வகுப்பு நடக்கிறது, போங்கள் என்றார். மூச்சுப் பயிற்சி என்று நினைத்துப் போனேன். உள்ளே என் வயதுக்காரர்கள் வட்டமாக நின்று, இல்லாத பந்தைத் தூக்கிப் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நோயாளிகள் அறைக்கு வந்துவிட்டோம் என்று மெல்லப் பின்வாங்கினேன். சொல்லித் தரும் சுருட்டைமுடிப் பெண் பந்தை எனக்கே போட்டுவிட்டாள்.

நாடக வகுப்பு அது. வசனம் கிடையாது, ஒத்திகை கிடையாது, அந்த நிமிஷம் வாயில் வருவதுதான் நாடகம். இல்லாத டீயைக் கையில் கொடுத்தார்கள். யாரோ நன்றாக நடித்தார்கள் என்று, டீயை மறந்து இரண்டு கையையும் சேர்த்துத் தட்டிவிட்டேன். "டீ கொட்டிடுச்சு" என்று மொத்த வகுப்பும் கத்தியது. நானும் குனிந்து புடவையைத் துடைத்துக்கொண்டேன், அதை ஏன் செய்தேன் என்று தெரியாமலே.

அடுத்து என்னையும் ஒரு வங்கிக்காரரையும் நடுவில் நிறுத்தினாள். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, டாக்டர், என் கால் பச்சையாகிவிட்டது என்றார். நான் டாக்டர் இல்லை, கண்ணாடிக் கடையில் வேலை, உங்கள் கால் நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். உண்மைதானே? அந்த மனிதர் அப்படியே வாடிப்போனார். சுருட்டைமுடி என் பக்கத்தில் வந்து, "அவர் குடுத்ததை நீங்க தட்டிவிட்டுட்டீங்கம்மா. வாங்கிக்கங்க. வாங்கிட்டு, உங்க கையால ஒண்ணு சேத்துக் குடுங்க" என்றாள்.

அன்று முழுக்க எனக்கு இது பிடிபடவில்லை. பொய் சொன்னதற்காக நம் இருவர் முதுகிலும் அடி விழுந்த வீடு இது. அந்த வீட்டுப் பெண் பொய்க்குப் பாடம் படிக்கப் போகிறேன், அதுவும் அடித்த மனிதருக்காக.

உனக்கு ஓரளவு சொல்லியிருக்கிறேன், முழுதாகச் சொல்லவில்லை. லாட்ஜ் மேனேஜர் வேலையை விட்டு எத்தனையோ வருஷம் ஆகியும், அப்பாவுக்கு இப்போது நம் வீடுதான் லாட்ஜ். நான் ஏழாம் நம்பர். மூன்று நாள் என்று சொல்லிவிட்டு ஏன் இன்னும் காலி செய்யவில்லை என்று காலையில் எழுந்ததும் கேட்பார். நான் உங்கள் மகள் என்று அழுதுகூடப் பார்த்திருக்கிறேன். மகள், மருமகள் என்று சொல்லி ஓசியில் தங்கப் பார்த்தவர்கள் பலரைப் பார்த்தாயிற்று என்பார். பிறகு இருவருமே நாள் முழுக்கச் சாப்பிட மாட்டோம்.

வகுப்புக்குப் போய்வந்த மறுநாளும் அதே கேள்வி. வாய்வரை வந்த பதிலை விழுங்கிக்கொண்டு, வந்த வேலை முடியவில்லை சார், இன்னும் கொஞ்ச நாள் ஆகும் என்றேன். என் பங்குக்கு ஒன்று சேர்க்க வேண்டுமே, அதனால் ஏழில் குழாய் சொட்டுகிறது என்றும் சொல்லிவைத்தேன். தம்பி, நாற்காலியை விட்டு எழாத மனுஷன் எழுந்தார். மன்னிப்புக் கேட்டார். குளியலறைக்கு நடந்து போய்க் குழாயைத் தாமே இறுக்கினார். அது நிஜமாகவே சொட்டுகிற குழாய், நான் மறந்தே போயிருந்தேன்.

கையைத் துடைத்துக்கொண்டே, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தார். அப்பா இருக்கிறார், தம்பி தூரத்தில் இருக்கிறான் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வயசானவரை விட்டுட்டு இங்க வந்து இருக்கீங்களேம்மா. தினம் ஒரு வார்த்தை பேசுங்க. தேடுவாரு."

பேசுகிறேன் சார் என்றேன். உள்ளே போய்ச் சிரித்தேனா அழுதேனா என்று கேட்காதே, எனக்கே தெளிவில்லை. அம்மா என்று அவர் என்னைக் கூப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று. அது மகளைக் கூப்பிட்டதா, வாடிக்கைக்காரியைக் கூப்பிட்டதா?

இப்போது உன் விஷயம். போன தடவை நீ போனில், நான் உங்கள் மகன், என்னைத் தெரிகிறதா, சொல்லுங்கள் என்று விடாமல் கேட்டாயே, லைன் போய்விட்டது என்று உன்னிடம் சொன்னேன். போனது லைன் இல்லை. அவர் போனைக் கீழே வைத்துவிட்டு, அந்த ஆள் யார், நான் என்ன தப்பு செய்தேன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். சாயங்காலம் வரை அந்தக் கையை அவர் விடவே இல்லை.

அடுத்த மாதம் நீ நேரில் வருகிறாய். வாசலுக்கு அவரே வருவார். வாங்க சார், எத்தனை நாள் தங்கப் போகிறீர்கள் என்பார். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல். அப்பா என்று கூப்பிட நாக்கு துடிக்கும். எனக்கும் தினமும் துடிக்கிறது. காற்று வரும் அறையாகக் கேள், அவருக்கு அது பிடிக்கும். பக்கத்தில் உட்கார்ந்து நீயும் ஏதாவது ஒன்று சேர்த்துக் கொடு.

இது சரியா என்று எனக்கு நிச்சயமில்லை. சுருட்டைமுடியைக் கேட்டால் அவளும் தெரியாது என்கிறாள். நீ அவர் மகன் என்று எனக்குத் தெரியும். இந்த வீட்டில் ஒருத்திக்குத் தெரிந்திருந்தால் போதுமா? போதும் என்று வைத்துக்கொண்டு வா.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா