முதலாளியம்மாவின் மெத்தை

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் எனக்குத் தெரியும், இந்த முறை அதை எழுதக் கை வரவில்லை, அதனால் நீயும் பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறீர்களா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். போனில் பேசலாம் என்றால் நீ அழ, நான் அழ, பேச்சு பாதியிலேயே நின்றுபோகிறது. மாப்பிள்ளை நாளைக்கு விமானம் ஏறுகிறார், அவர் பையில் இதை வைத்து அனுப்புகிறேன். எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், நிதானமாகப் படி.

அப்பாவை நல்லபடியாக அனுப்பி வைத்தோம். நீ நிற்க வேண்டிய இடத்தில் மாப்பிள்ளை நின்றார், பெற்ற பிள்ளை மாதிரி எல்லாம் செய்தார், அதில் உனக்கு ஒரு குறையும் வேண்டாம். அப்பா கஷ்டப்பட்டாரா, கஷ்டப்பட்டாரா என்று திரும்பத் திரும்பக் கேட்டாய், எனக்குத்தான் சொல்ல வாய் வரவில்லை, இப்போது சொல்கிறேன் கேள். காலையில் கடையில் உட்கார்ந்து உன் பிள்ளைக்கான மெத்தையைத்தான் தைத்துக்கொண்டிருந்தார், நான் இந்தப் பக்கம் பஞ்சைப் பிரித்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் தண்ணி குடு, நெஞ்சுக்குள்ள யாரோ பஞ்சு திணிக்கிற மாதிரி இருக்கு என்றார், அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் தண்ணீரோடு திரும்பி வருவதற்குள் சுவரில் சாய்ந்துவிட்டார். கையில் ஊசி இல்லை. பஞ்சுக்குள் ஊசி போய்விட்டால் படுக்கிறவர் உடம்பில் ஏறிவிடும் என்று ஒருநாளும் ஊசியைக் கீழே வைக்க மாட்டாரே, அந்த நேரத்திலும் மெத்தை உறையின் ஓரத்தில் குத்தி வைத்துவிட்டுத்தான் சாய்ந்திருக்கிறார். அது இன்னும் அங்கேயே இருக்கிறது, நான் எடுக்கவில்லை.

கடையை மூடி வைத்து என்ன செய்யப்போகிறேன், திறந்துவிட்டேன். திறந்ததும் பஞ்சுத் தூசிக்கு அவர் வரிசையாகத் தும்முவார் இல்லையா, எதிர்க்கடை பஞ்சர் அண்ணன் டயரைக் கழற்றிக்கொண்டே அதைச் சத்தமாக எண்ணுவார். இப்போது நான் மட்டும்தான் தும்முகிறேன், அண்ணன் எண்ணுவதில்லை, தலையைக் குனிந்துகொள்கிறார்.

இனி சொல்வதற்கு மாப்பிள்ளையைக் கோபிக்காதே, அவராகச் சொல்லவில்லை, தட்டில் போட்ட சோறு அப்படியே இருக்கிறதே என்று நான்தான் குடைந்து குடைந்து கேட்டேன். தத்து எடுப்பது கோர்ட்டில் முடிகிறவரை உங்களில் ஒருவர் பிள்ளையோடு அங்கேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காப்பகத்துக்கே திரும்பக் கொண்டுபோய்விடுவார்கள் என்பதால்தானே நீ நின்றாய், அவர் வந்தார். இப்போது நீ பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாயாம், துணி மாற்றுகிறாயாம், ஆனால் மடியில் வைத்துக்கொள்வதில்லையாம், அழுதால் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்கிறாயாம். இவளாலதான் எங்கப்பா முகத்தக்கூட பாக்க முடியல, இவளத் தூக்கக் கை வரல, திருப்பிக் குடுத்துட்டு வந்துடறேன் என்று சொன்னாயாம். உன்னைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை அம்மாடி. மாப்பிள்ளை தனியாக வாசலில் வந்து நின்றபோது எனக்கும் அந்தப் பிள்ளைமேல் வயிறெரிந்தது. என் பெண் வர வேண்டிய நேரத்தில் வரவிடாமல் பிடித்துவைத்திருக்கிறதே என்று நினைத்தேன். பிறகு கடைக்குள் போனேன், அந்தச் சின்ன மெத்தை கிடந்தது.

அதைப் பற்றி உனக்கு முழுதாகத் தெரியாது. காப்பகத்திலிருந்து பிள்ளையின் போட்டோ வந்த அன்றைக்கே கைக்குழந்தை அளவுக்குத் தைத்து முடித்துவிட்டார். அப்புறம் அந்தக் காகிதம் வரவில்லை, இந்த ஆபீசர் லீவு, இன்னும் கொஞ்ச நாளாகும் என்று நீ சொல்லச் சொல்ல, பிள்ளை அங்கே வளர்ந்துகொண்டே போனாள். ஒவ்வொரு தடவையும் இவர் ஒரு பக்கத்தைப் பிரித்து ஒரு துண்டு சேர்த்துத் தைத்தார். எடுத்த துணி தீர்ந்து வேறு துணி போட்டார், நீலக்கோடு, அதை ஒட்டிப் பச்சை, அதை ஒட்டிப் பூப்போட்டது. என்னங்க இது, பாக்கவே சகிக்கல, புதுசா ஒண்ணு தைச்சா என்ன என்று கேட்டேன். ரயிலுக்குப் பெட்டி சேக்குறேன்டி, முதலாளியம்மா வந்து சேர்ற வரைக்கும் சேத்துக்கிட்டேதான் இருப்பேன் என்றார். பிள்ளைக்கு அவர் வைத்த பேர் அதுதான், முதலாளியம்மா.

மீசை விஷயமும் உனக்குச் சொன்னதில்லை. முதன்முதலில் போனில் அவரைப் பார்த்து அவள் வீறிட்டு அழுதாளே, நீயும் விழுந்து விழுந்து சிரித்தாயே, மறுநாளே மீசையை எடுத்துவிட்டு வந்து நின்றார். கல்யாணத்தன்று எங்கள் அம்மா கேட்டும் எடுக்காத மீசை. பஞ்சர் அண்ணன் அவரைப் பார்த்துவிட்டு என்னிடம், ஏன்க்கா, கடையை யாருக்காவது வித்துட்டீங்களா, புது ஆளா இருக்காரே என்று கேட்டார். வெயிலுக்கு எடுத்தேன் என்று உன்னிடம் சொன்னது பொய். கடைசியாக நீ போன் செய்தாயே, அன்றைக்கு அவள் அழவில்லை, இவர் முகத்தைத் தொடுகிறேன் என்று போனையே தட்டினாள், நினைவிருக்கிறதா. நீ போனை வைத்ததும் தெருவில் இறங்கிப்போய், அழல தெரியுமா, என்னைப் பாத்து அழல என்று பஞ்சர் அண்ணனிடம் கத்தினார். மறுநாள் காலையில் போய்விட்டார். துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேருக்கு அவரை அடையாளம் தெரியவில்லை, மீசை என்னாச்சு என்று என் காதில் கேட்டார்கள், பேத்திக்காக எடுத்தார் என்று அத்தனை பேருக்கும் சொன்னேன்.

நீ அவர் முகத்தைப் பார்க்காமல் போனது போனதுதான், அதை நான் எப்படிச் சொன்னாலும் ஆற்ற முடியாது, எனக்கே ஆறவில்லை. ஆனால் அந்த முகத்தைக் கடைசியாக அப்படிச் சிரிக்க வைத்தவள் உன் எதிரில் கிடக்கிறாள், அவள்மேல் இந்தப் பழியைப் போடாதே. அவளுக்கு என்ன தெரியும், பாவம்.

மெத்தையில் கடைசித் துண்டு சேர்த்தாகிவிட்டது, பஞ்சு திணிக்கும் பக்கம் மட்டும் திறந்து கிடக்கிறது, எந்த அளவில் மூட வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. இந்தக் கவருக்குள் அப்பாவின் நூல்கண்டிலிருந்து நூல் வெட்டி வைத்திருக்கிறேன். பிள்ளையைப் படுக்க வைத்து, உச்சந்தலையிலிருந்து குதிகால்வரை பிடித்து, முடிச்சுப் போட்டுத் தபாலில் அனுப்பு. மாப்பிள்ளையை அளக்கச் சொல்லாதே, நீ அள. முடியவே முடியாது என்றால் முடிச்சில்லாமல் அனுப்பிவிடு, நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன், பெற்றவளுக்குப் புரியும். முடிச்சோடு வந்தால் அந்த ஊசியை எடுத்து மூடித் தைப்பேன், அதுவரை அது அங்கேயே இருக்கட்டும்.

வேளைக்குச் சாப்பிடு, தலையைக் காயவைத்துவிட்டுப் படு, என்னைப் பற்றிக் கவலைப்படாதே, பஞ்சர் அண்ணன் வீட்டில் காலையும் மாலையும் வந்து பார்த்துக்கொள்கிறார்கள். உனக்கும் மாப்பிள்ளைக்கும் பிள்ளைக்கும் என் ஆசியும் அப்பாவின் ஆசியும் எப்போதும் உண்டு.

மறந்துவிடாதே, அளக்கும்போது ஒரு கையால் முட்டியை மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொள். காலை மடக்கிக்கொள்வாள். உனக்கு முதல் மெத்தை தைக்க அப்பா அளந்தபோது நீயும் அப்படித்தான் மடக்கிக்கொண்டாய்.

இப்படிக்கு,
உன் அம்மா