விசிறியை அணைக்கச் சொன்னவர்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வேளைக்குச் சாப்பிடுகிறேன், நம்பு. உலைக்கூடத்தில் இப்போது நான் ஒருவன்தான். என்னோடு வேலை பார்த்த கூட்டாளி எப்படி இறந்தார் என்று கேட்டிருந்தாய். ஜிப்சம் பொடியையும் மணலையும் கலந்து சுட்டால், உலை உச்சச் சூட்டுக்குப் போன பிறகுதான் கந்தக வாயு வரும். அதுவரை புகை இழுக்கும் விசிறியைப் போடமாட்டோம். போட்டால் சூடேறத் தாமதமாகும். அன்று அவர் கலவையில் கொஞ்சம் உப்பு சேர்த்திருந்தார். உப்பு சேர்ந்தால் குறைந்த சூட்டிலேயே எல்லாம் நடந்துவிடும். விசிறியைப் போடும் முன்பே வாயு முந்திக்கொண்டது; மூச்சு முட்டிப் போய்விட்டார்.

இப்போது நான் உப்பே போடுவதில்லை. ஆனாலும் வாயு முன்னதாகவே வருகிறது.

உன் தம்பி

மார்ச் 9

அன்புத் தம்பிக்கு,

நீ ‘நம்பு’ என்றால்தான் எனக்குச் சந்தேகமே வருகிறது. வேதியியல் பாடம் நடத்தித் தொண்டை கட்டிப்போன அக்காவிடமே பேய்க்கதையா? உப்பு ஆவியாகி உலைச் செங்கல்லில் ஊறியிருக்கும். செங்கல்லையும் புகைக்குழாயையும் மாற்று. விசிறியை முதலிலேயே போடு. உலை ஆறினால் திரும்பச் சூடாக்கிக்கொள்ளலாம்.

அக்கா

மார்ச் 15

அக்கா,

செங்கல், குழாய் எல்லாம் புதிது. அப்படியும் குழாயின் ஆறிய முனையில் வெள்ளையாகப் படிந்திருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

விசிறி ஓடாதபோது செத்துப்போன கூட்டாளியின் இருமல் கேட்கிறது; போட்டால் கேட்பதில்லை. நேற்று என் காதருகிலேயே வந்து, "அதை அணைச்சிடு தம்பி, பேச முடியல" என்றார். அணைத்துவிட்டேன். திட்டாதே. அவர் இல்லாத அந்த அறை எனக்குப் பிடிக்கவில்லை.

தம்பி

மார்ச் 20

தம்பி,

ஒன்றே ஒன்று கேட்கிறேன். மூச்சு முட்டிச் செத்த மனிதர் விசிறியைப் போடச் சொல்வாரா, அணைக்கச் சொல்வாரா? உன்னோடு பேசுவது அவரில்லைடா. யாரென்று பார்க்க நிற்காதே. போட்டது போட்டபடி கிளம்பி வா.

அக்கா

மார்ச் 25

அக்கா,

நீ சொன்னதுதான் சரி. விசிறியைப் போட்டுவிட்டு, பையோடு வெளியே வந்து, வாசலில் நின்று இதை எழுதுகிறேன். பக்கத்திலேயே தபால் பெட்டி. அடுத்த பஸ்ஸில் கிளம்புகிறேன்.

எழுதும்போதே விசிறிச் சத்தம் நின்றுவிட்டது. உள்ளே யாருமில்லை. இருமல் கேட்கிறது. பாவமாக இருக்கிறது, அக்கா.

வீட்டுக்குத்தான் வருகிறேன். ஆனால் எனக்கு முன்னால் இந்தக் கடிதம் வந்து சேர்ந்தால், என்னைத் தேடி நீ இங்கே வராதே.

உன் தம்பி