திரையில் உன் பெயர்

அன்புள்ள ஜோதியம்மாளுக்கு,

பரசுராமன், திருவண்ணாமலையிலிருந்து. முட்டிவலி தேவலையா? நான் சுகம். எழுத்துக் கூட்டி நானே எழுதுகிறேன், சிரிக்காதே.

நேற்று நான் வேலை பார்க்கும் லாட்ஜில் தங்கியவர் டிக்கெட் பிரிண்ட் எடுக்க ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். ஏதோ தட்டினார்; பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டெல்லாம் திரையில் வரிசையாக வந்தன. அதில் உன் பெயர்! படிக்க முடிந்த சந்தோஷத்தில், "இது என் சம்சாரம் பேருங்க, என் மெயிலுக்கு வெச்சது" என்றேன்.

"பலே தாத்தா, நல்லா படிக்கிறீங்களே!" என்று திரையைச் செல்போனில் படம் பிடித்தார். காலையில் அறை காலி.

முதலாளியம்மா சைலஜா இப்போது அந்த பாஸ்வேர்ட் பட்டியலைப் பூட்டிவிட்டார். சாவிச்சொல் தராமல் பார்த்தால் வெறும் கிறுக்கல்தான் தெரியுமாம். ஆனால் என் மெயில் எனக்கே திறக்கவில்லை; அந்த ஆள் பாஸ்வேர்டை மாற்றிவிட்டாராம். நம் வீட்டுப் பத்திரம், உன் நம்பர் எல்லாம் அதில்தான்.

பயப்படாதே. சால்வை ஒன்று அனுப்பு, குளிர் ஜாஸ்தி. என் பெயரைச் சொல்லி யார் எது கேட்டாலும் கொடுக்காதே.

காலையிலிருந்து உன் போன் பிஸியாகவே இருக்கிறது. யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறாய்?

அவசரமாக,
பரசுராமன்