பச்சைப் பாதையில் நாற்பத்தொரு சைக்கிள்

மார்ச் 4, செவ்வாய்
எங்கள் மாநகராட்சி ஆபீஸ் சைக்கிள்களுக்கென்று சோதனையாகப் போட்ட பச்சைப் பாதைக்கு இன்னும் மூன்று வாரம்தான் கெடு. நாளுக்கு முந்நூறு சைக்கிளாவது போனால்தான் நிரந்தரமாக்குவார்களாம். பாதையின் குறுக்கே நானே ரப்பர் குழாயைப் பதித்தேன். சக்கரம் ஏறினால் பெட்டிக்குள் எண் கூடும். என்னைவிட என் மனைவிக்குத்தான் ஆர்வம். மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்கு ஏழு வருஷமாகப் பஸ்ஸில் நசுங்கிப் போனவளைச் சைக்கிளில் ஏற்றியது நான்தானே.

மார்ச் 11
நாற்பத்தொன்று.

மார்ச் 21, வெள்ளி
சராசரியும் அதே நாற்பத்தொன்று. அறிக்கையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். "நம்ம ஜனங்களுக்கு இதெல்லாம் சரிப்படாதுய்யா" என்று மேலதிகாரி சிரித்தார். எனக்கும் ஜனங்கள் மேல்தான் கோபம்.

மார்ச் 23, ஞாயிறு
சாப்பிடும்போது அவளிடம் புலம்பினேன். அவள் சொல்கிறாள்: "அந்தக் குழாய் மேல ஏறினா தூக்கிப் போடுதுங்க. டப்பா தெறந்து சாப்பாடெல்லாம் பைக்குள்ள கொட்டிடுது. நாங்க எல்லாரும் அந்த எடத்துல நடைபாதை மேல ஏறிப் போயிடுவோம்."
எல்லாரும்! என் பெண்டாட்டியே என் கணக்கில் இல்லை. ஒரே ஒரு காலை அங்கே போய் நின்று பார்த்திருந்தால்... பெட்டி எண்ணிக்கொள்ளும் என்று சும்மா இருந்தேனே, மடையன்.

மார்ச் 24
ஏழு மணிக்கே போய் நின்றேன். ஒரு மணி நேரத்தில் நூற்றுப் பன்னிரண்டு. மேலதிகாரியிடம் ஓடினேன். "எழுதிக் குடு, அனுப்பறேன். ஆனா தப்பு உன்னோடதுன்னு எழுதணும். பதவி உயர்வு லிஸ்ட்ல உன் பேரு இருக்கு, யோசிச்சுக்கோ."
யோசிக்கிறேன்.

மார்ச் 27
இன்னும் எழுதவில்லை. "ஆபீஸ்ல சொல்லிட்டீங்களா?" என்றாள். சொல்லிவிட்டேன் என்றேன். பொய்யில்லை — வாயால் சொன்னேன்தானே?

ஏப்ரல் 9
பச்சையைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். இப்போது அங்கே வரிசையாகக் கார்கள் நிற்கின்றன. அவற்றை ஒட்டியே அவள் போகிறாள். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. "பஸ்ஸை நெனச்சாலே மூச்சு முட்டுதுங்க."

ஏப்ரல் 30
நின்றிருந்த காரின் கதவை எவனோ பட்டென்று திறந்திருக்கிறான். அவளுக்கு வலது கையில் இரண்டு இடத்தில் முறிவு. மற்றபடி ஒன்றுமில்லை. ஐயோ, ஒன்றுமில்லை என்று எழுதுகிறேனே.

மே 2
கடைக்கு விடுப்புக் கடிதம் கொடுக்க வேண்டும். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "என்னோட கவனக்குறைவால சைக்கிள்ல இருந்து விழுந்துட்டேன்னு போடுங்க" என்றாள். என் பேனா நின்றது. "என்னங்க?" என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்லி, அவள் சொன்னபடியே எழுதினேன். இடது கையால் கையெழுத்துப் போட்டாள்.