தோணிக்கு எத்தனை இருக்கை

ஈலி, மினசோட்டா
ஜூன் 9, 1996

அன்புள்ள மாப்பிள்ளை வெர்னருக்கு,

நீயும் ஐலியும் நலம்தானே? இங்கே நானும் நாயும் நலம். கொசுக்கள் எங்களைவிட நலம்.

மூன்று ஞாயிற்றுக்கிழமையாகப் போன் போடுகிறேன். ஒவ்வொரு தடவையும் என் தங்கைதான் எடுக்கிறாள். "அண்ணே, அவரு தோட்டத்துல இருக்காரு." "அண்ணே, அவரு குளிக்கிறாரு." போன வாரம், "அண்ணே, எதுவா இருந்தாலும் ஒரு கடுதாசி போடேன்." பள்ளிக்கூடத்திலிருந்து உன்னை எனக்குத் தெரியும். நீ இத்தனை தடவை குளிக்கிற ஆள் கிடையாது. சரி, கடுதாசியே போட்டுவிட்டேன்.

விஷயம் இதுதான். வாத்து வேட்டைக்கு எனக்கு ஒரு லேசான தோணி வேண்டும். கிறிஸ்துமஸ் கார்டில் "அடுத்த சீசனுக்கு என்னை எதிர்பார்க்காதே" என்று ஒரே வரி எழுதியிருந்தாய். ஏன் என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. போன வாரம் நம் அலுமினியத் தோணியை நானே தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அரிசி ஏரிக்குப் போகும் சுமைப்பாதையில் நடந்து பார்த்தேன். எழுபத்தைந்து பவுண்டு! பாதி வழிகூட வரவில்லை, தோணியைக் கவிழ்த்து அதற்குக் கீழேயே உட்கார்ந்துவிட்டேன். முப்பது வருஷம் நீதான் அதைச் சுமந்தாய். நான் துப்பாக்கிகளையும், வாத்துகளை ஈர்க்கத் தண்ணீரில் மிதக்கவிடும் பொம்மை வாத்துகளையும் எடுத்துக்கொண்டு பின்னால் பாட்டுப் பாடியபடி வந்தேன். அது எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியவே தெரியாது, சத்தியமாக.

கடையில் சிலதைப் பார்த்து வைத்திருக்கிறேன். தேவதாருப் பட்டையில் கான்வாஸ் போர்த்தியது ஒன்று, அழகு என்றால் அப்படி ஒரு அழகு, ஆனால் அறுபது பவுண்டு. பிளாஸ்டிக்கில் ஒன்று, பாறையில் மோதினாலும் கவலையில்லை, அதுவும் ஐம்பத்தெட்டு. அப்புறம் கெவ்லார் என்கிற செயற்கை நாரில் செய்தது. ஒரு கையால் தூக்கிவிட்டேன், மாப்பிள்ளை! எது வாங்கட்டும்? உன்னை விட்டால் நான் யாரைக் கேட்பேன்?

போன நவம்பரில் வேட்டையில் நடந்ததை மனசில் வைத்திருக்கிறாயா? துப்பாக்கி கைதவறி வெடித்துவிட்டது என்று அன்றைக்கே சொன்னேன். காதில் இரைச்சல் இரண்டு நாளில் போய்விடும் என்று நீயும் சொன்னாய். போய்விட்டதுதானே?

உன் மச்சான்,
ரெய்னோ


பெமிஜி
ஜூன் 21, 1996

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் வந்தது. தோட்டத்தில் இருந்ததும் உண்மை, குளித்ததும் உண்மை.

கான்வாஸ் தோணி வேண்டாம். அது தண்ணீரைக் குடிக்கும். செப்டம்பரில் அறுபது பவுண்டு இருப்பது அக்டோபர் கடைசியில் அறுபத்தைந்து ஆகும், உன் முதுகு அதைக் கண்டுபிடித்துவிடும். கெவ்லார் வாங்கு. ஆனால் அது தங்க நிறத்தில் பளபளக்கும், கனடாவிலிருந்து புறப்படும்போதே வாத்துகளுக்கு நீ தெரிவாய். வாங்கியதும் சேற்று நிறம் பூசு. உள்பக்கமும் பூசு, அதை மறந்துவிடுவாய். அடி தட்டையாக இருக்கட்டும், நடுவில் மூன்றடி அகலம் இருக்கட்டும். வேகமாகப் போவதெல்லாம் பந்தயக்காரர்களுக்கு. உனக்குப் பக்கவாட்டில் திரும்பிச் சுட்டால் கவிழாத தோணி வேண்டும். நவம்பரில் ஏரி ஓரம் பனி கட்டிய பிறகு அதைத் தண்ணீரில் இறக்காதே. பனித்தகடு கெவ்லாரைக் கத்தி மாதிரி கிழிக்கும்.

காற்றடித்தால் லேசான தோணி இலை மாதிரி திரும்பும். பொம்மை வாத்து மூட்டையை முன்பக்கம் வை.

காது பற்றிக் கேட்டிருந்தாய். வயசாகிறது, அதை விடு. கடிதமே எழுது, போன் வேண்டாம்.

அன்புடன்,
வெர்னர்


ஈலி
ஜூலை 14, 1996

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கேள் இந்தக் கூத்தை. கெவ்லார் தோணியை ஏரியில் ஓட்டிப் பார்க்கலாம் என்றாள் கடைக்காரப் பெண். முஸ்தியையும் கூட்டிப் போனேன், வேட்டைக்கு நாய் இல்லாமல் என்ன சோதனை?

"நாய் எத்தனை பவுண்டுங்க?"

"எழுபது."

"தோணி முப்பத்தொண்ணு. அப்ப நாய்தான் தோணியைச் சுமக்கணும்."

அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம், எனக்குப் பிடித்துப்போயிற்று. கரையிலிருந்து இருபதடி போயிருப்பேன். முஸ்தி ஒரு முக்குளிப்பான் பறவையைப் பார்த்தான், அவ்வளவுதான். அவன் ஒரு பக்கம், தோணி ஒரு பக்கம், நான் நெஞ்சுவரை தண்ணீரில். அந்தப் பெண் கரையில் நின்றுகொண்டு, "பெரியவரே, உங்க தொப்பி அந்தப் பக்கமாப் போகுது!" என்று கத்துகிறாள். நீ சொன்ன மூன்றடி அகலம் அந்தத் தோணியில் இல்லை. நீ சொன்னால் சொன்னதுதான், உன் வாக்கை நான் கேட்டிருக்க வேண்டும்.

அகலமானது இருக்கிறது, இரண்டு மாதிரியில். ஒற்றை இருக்கை முப்பத்து நாலு பவுண்டு. இரட்டை இருக்கை நாற்பத்திரண்டு. அவள் ஒரு தாளை எடுத்துக்கொண்டு, "எத்தனை பேர் போவீங்க? முன்னாடி யாரு, பின்னாடி யாரு?" என்று கேட்டாள். "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் யார் இருக்கிறார்கள்? இந்த நாய்தான்.

அன்றிலிருந்து ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. காலையில் ஒற்றை என்று தோன்றுகிறது, காப்பி குடித்து முடிப்பதற்குள் இரட்டை என்று தோன்றுகிறது. நீ சொல். எத்தனை இருக்கை?

ரெய்னோ


பெமிஜி
ஆகஸ்ட் 2, 1996

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். ஐலியிடம் வாசித்துக் காட்டினேன், தொப்பி போன இடத்தில் அவளும் சிரித்தாள். அப்புறம் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஒற்றை இருக்கை வாங்கு. எட்டுப் பவுண்டு குறைவு. உன் தோளுக்கு அது பெரிய வித்தியாசம். கோபத்தில் சொல்கிறேன் என்று நினைக்காதே.

வெர்னர்


ஈலி
ஆகஸ்ட் 11, 1996

மாப்பிள்ளை,

ஒற்றை இருக்கையாம். உன் கடிதத்தைக் கசக்கி அடுப்பில் போடப் போனேன். போடவில்லை. போனை எடுத்தேன்.

ஐலியைத் திட்டாதே. நான்தான் கத்தினேன். "உன் புருஷனுக்கு என்ன வந்துருச்சு, நேர்ல வந்து கேக்கட்டுமா?" என்றேன். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். "அண்ணே, அவருக்கு இடது காது சுத்தமாப் போயிருச்சு. வலதுலயும் பாதிதான். போன்ல ஒண்ணும் புரியல. உன்கிட்ட சொல்லவே கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு." டிசம்பரிலேயே டாக்டர் கைவிரித்துவிட்டாராமே.

நீ குளிக்கவில்லை. தோட்டத்திலும் இல்லை. போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாய்.

இப்போது நான் சொல்கிறேன், நீ படி. தோணியில் முன்னால் இருப்பவன் துப்பாக்கியில் மட்டும்தான் தோட்டா. பின்னால் இருப்பவன் கையில் துடுப்பு மட்டும். மத்தியானம் இடம் மாற வேண்டும். நாம் இருபது வயசில் பேசி வைத்தது, ஒரு நாளும் மீறியதில்லை. நவம்பரில் அன்றைக்குக் காலை முழுக்க நான் முன்னால். ஒரு வாத்துகூட வரவில்லை. இடம் மாறிய அரை மணி நேரத்தில் உனக்கு நாலு. நான் உனக்காகத் துடுப்புப் போட்டேன், சிரித்தேன், "அதிர்ஷ்டக்காரன்டா நீ" என்றேன். வயிறு எரிந்தது.

அப்புறம் உன் முதுகுக்குப் பின்னால் என் துப்பாக்கியில் தோட்டா போட்டேன். ஒரு பச்சைத்தலை ஆண் வாத்து உன் இடது பக்கமாகத் தாழ்ந்து வந்தது. கைதவறவில்லை, வெர்னர். உன் தோளுக்கு மேலாகக் குறி பார்த்துச் சுட்டேன்.

வாத்துகூட விழவில்லை. அதற்குத்தான் உன் காது போயிற்று.

என்னைத் திட்டி எழுது. எதுவாக இருந்தாலும் எழுது.

ரெய்னோ


ஈலி
செப்டம்பர் 8, 1996

மாப்பிள்ளை,

நாலு வாரமாகப் பதில் இல்லை. தபால்காரர் என் வீட்டைத் தாண்டும்போது வேகமாக நடக்கிறார், என் முகத்தைப் பார்க்கப் பயம்போல.

கடைக்காரப் பெண் இரண்டு தோணியையும் எனக்காக எடுத்து வைத்திருக்கிறாள். "பெரியவரே, வீட்ல கேட்டாச்சா?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்கிறாள். தலையை ஆட்டிவிட்டு நடையைக் கட்டுகிறேன்.

நேற்று அலுமினியத் தோணியைச் சுமைப்பாதை முழுக்கத் தூக்கிப் போனேன். பதினொரு இடத்தில் இறக்கி வைத்தேன். நீ ஒரே ஒரு இடத்தில், அந்தச் சாய்ந்த பிர்ச் மரத்தடியில் மட்டும் இறக்குவாய். ஏரியில் காட்டரிசி நன்றாக முற்றியிருக்கிறது, வாத்துகள் வந்து இறங்குகின்றன. திரும்பித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். நீ வராவிட்டால் இந்த வருஷம் எனக்கு வேட்டையும் வேண்டாம், தோணியும் வேண்டாம். மிரட்டலுக்குச் சொல்லவில்லை.

ரெய்னோ


பெமிஜி
செப்டம்பர் 17, 1996

மச்சான்,

ஐந்து தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஆறாவது. இதை ஐலி கையில் கொடுத்துவிட்டேன், கிழிக்க விடமாட்டாள்.

நீ தோட்டா போட்டது எனக்குத் தெரியும். என் முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. இடது காதில் கடைசியாகத் தெளிவாகக் கேட்ட சின்னச் சத்தம் அதுதான். ரெய்னோ அப்படிச் செய்ய மாட்டான் என்று நினைத்தேன், அதனால் திரும்பிப் பார்க்கவில்லை.

கைதவறிவிட்டது என்று நீ சொன்னாய். சரி, நாளைக்குச் சொல்வான், அடுத்த வாரம் சொல்வான் என்று காத்திருந்தேன். காது போன விஷயத்தை நான் சொல்லியிருந்தால் பரிதாபப்பட்டு ஒப்புக்கொண்டிருப்பாய், அது எனக்கு வேண்டாம். கடைசியில் ஐலி உளறிய பிறகுதான் சொன்னாய். எனக்குக் கோபம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. பெரிய விஷயமில்லை என்று நான் எழுத மாட்டேன், ஏனென்றால் பெரிய விஷயம்தான். சர்ச்சில் பாட்டு எந்த வரியில் இருக்கிறது என்று ஐலி விரலால் காட்டுகிறாள். ஆனால் "குறி பார்த்துச் சுட்டேன்" என்று நீ எழுதியதைப் பலமுறை படித்தேன். அந்த வரியை நீ எழுதாமலே இருந்திருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் எழுதினாய்.

இனி தோணி. ஒற்றை இருக்கை வாங்கு என்று ஏற்கனவே சொன்னேன், அதையேதான் இப்போதும் சொல்கிறேன். உன் முன்னால் இனி நான் உட்கார மாட்டேன், மச்சான். முயற்சி செய்து பார்த்தேன், மனசுக்குள்ளேயே. முதுகு ஒத்துக்கொள்ளவில்லை.

நானும் ஒன்று வாங்கிவிட்டேன். ஒற்றை இருக்கை, முப்பத்திரண்டு பவுண்டு, மூன்றடி அகலம். சேற்று நிறம் பூசிக் கொட்டகையில் காய்கிறது, உள்பக்கமும் பூசியாகிவிட்டது. 28ஆம் தேதி சனிக்கிழமை சீசன் திறக்கிறது. வெளிச்சம் வருவதற்கு முன் சுமைப்பாதை முனையில் நிற்பேன். அவரவர் தோணி அவரவர் தலையில். பொம்மை வாத்து மூட்டையை நீதான் தூக்க வேண்டும், பாட்டு வேண்டாம், எனக்குக் கேட்காது.

ஏரியில் என் வலது பக்கம் இரு, ஐம்பதடி தள்ளி. வாத்து வரும் சத்தம் இப்போதும் கொஞ்சம் கேட்கிறது, ஆனால் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு காது போனால் அப்படித்தானாம். அதனால் நீ பார்த்துச் சொல்ல வேண்டும். இடது என்றால் இடது என்று கத்து. வாத்து பயந்து பறந்து போனால் போகட்டும்.

வெர்னர்