வீடியோ கேம் பெட்டியின் பின்கதவுச் சாவி

கை இன்னும் வினிகர் நாறுகிறது வே. மூன்று முறை சோப்புப் போட்டாயிற்று, போகவில்லை. கிடர்பூர் முனையில் சௌமின் நூடுல்ஸ் போடுகிறவரிடம் போய், "தாதா, சௌமின் வேண்டாம், வினிகர் மட்டும் கொஞ்சம் கொடுங்க" என்று வங்காளத்து அண்ணன் முறை வைத்துக் கேட்பீரே, அதே கடையில் இன்றைக்கு நானும் கேட்டேன். ஊற்றிக் கொடுத்துவிட்டு, "கூட வருவாரே, அந்தத் தாதா எங்கே?" என்றார். நீர் கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன்.

வினிகர் எதற்கென்று உமக்குத் தெரியும். கார்டன் ரீச்சில் நம் ஸ்டாஃப் கிளப் மூலையில் நிற்கிறதே வீடியோ கேம் பெட்டி, அதைப் பழைய சாமான்காரருக்குத் தள்ளிவிடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். செக்ரெட்டரி பாபுவிடம் ஒரு நாள் அவகாசமும் பின்கதவுச் சாவியும் கேட்டு வாங்கி, காலையிலேயே திறந்தேன்.

ஏதோ கப்பலில் வந்து ஏலத்துக்குப் போன பெட்டி. கிளப்புக்கு வந்த நாள் முதல் அதற்கு வைத்தியர்கள் நாம் இருவர்தான். ஆபீஸ் விட்டதும் நேரே வருவோம். நீர் பற்றவைப்பீர், நான் டார்ச் பிடிப்பேன். "எம் மூஞ்சிய விடும்வே, போர்டுல அடியும்" என்று வைவீர். படம் வந்துவிட்டால் முதல் ஆட்டம் எனக்கு. அரை நிமிஷத்தில் என் விண்கலம் வெடிக்கும். நீர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பீர்.

அந்த வருஷம் விஸ்வகர்மா பூஜைக்கு என் புத்தி எங்கே போயிற்றோ! இந்த வங்காள ஊரில் அன்றைக்கு யாரும் கருவியைத் தொடுவதில்லை, கருவிக்குத்தான் பூஜை. உம் சால்டரிங் அயனுக்குப் பொட்டு, பெட்டிக்கு மாலை. வெளிப்பலகையில் சாந்தி ஜலம் தெளித்தால் உள்ளே இருக்கும் போர்டுக்கு என்ன புண்ணியம் என்று எனக்கு ஒரு மேதாவித்தனம். நீர் கிச்சடி பரிமாறப் போயிருந்த நேரம், உம் சாவியை எடுத்துப் பின்கதவைத் திறந்து வைத்தேன். புரோகிதர் தாராள மனசுக்காரர். மாவிலையை முக்கி முக்கித் தெளித்தார். மறுநாள் போட்டால் திரை முழுக்கக் கோணல் கட்டங்கள். ஆட்டம் வரவே இல்லை.

கமிட்டியில் எப்படி ஆச்சு என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் நீர் எழுந்தீர் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். பொய். நான் திறக்கவே இல்லை. "என் பற்றவைப்பு சரியில்லை, தப்பு என்னுடையது" என்று உம் அரைகுறை வங்காளத்தில் சொன்னீர். சாவியை வாங்கிக்கொண்டார்கள். வெளியே வந்ததும், "விடும்வே, வாரும், டீ குடிப்போம்" என்றீர்.

அதற்கப்புறம் ஒரு வார்த்தை குத்திக்காட்டியதில்லை. கேரம் ஆடும்போது மட்டும் உம் கண் அந்த மூலைக்குப் போய்விட்டு வரும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே வருஷங்கள் போயின. பிறகு நீரும் போய்விட்டீர்.

இன்று பார்த்தேன். போர்டின் இடது மூலையில், அன்றைக்குத் தண்ணீரோடு விழுந்த பூவிதழ் ஒன்று சருகாகி ஒட்டியிருக்கிறது. தண்ணீர் பட்ட அந்தப் பக்கம் ஒரு கோடும் கெடவில்லை. கெட்டது வலது மூலை. ஸ்கோரை நினைவில் வைக்கிற சின்ன பேட்டரி ஒழுகி, சுற்றியிருந்த செப்புக் கோடுகளைப் பச்சையாக அரித்துத் தின்றிருக்கிறது. தண்ணீர் ஒரு பாவமும் செய்யவில்லை வே. உம் பற்றவைப்பும் செய்யவில்லை. நான் அன்று வாயைத் திறந்திருந்தால் சாவி உம்மிடமே இருந்திருக்கும், பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்திருப்பீர்.

பேட்டரியைக் கழற்றினேன். நீர் முன்பு காட்டித் தந்தபடி பச்சையை வினிகரால் துடைத்து, கழுவி, காயவைத்து, அறுந்த கோடுகளுக்குக் கம்பி இழுத்தேன். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டேன். சாயங்காலம் படம் வந்தது. முதல் ஆட்டத்தை உமக்கென்று விட்டுவிட்டுக் கைகட்டி நின்றேன். விண்கலம் பாவம், அப்படியே நின்று வெடித்தது.

செக்ரெட்டரி பாபு பார்க்க வந்தார். "அன்றைக்குப் பின்கதவைத் திறந்தது நான்தான்" என்று சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "தெரியும் தாதா. பூஜையில நின்ன எல்லாரும்தான் பார்த்தோமே" என்றார். "கமிட்டிக்கு முன்னாலேயே உங்க நண்பர் எங்கிட்ட வந்தார். 'சாவி என்னுது, பதில் நான் சொல்றேன். அவர்கிட்ட யாரும் கேட்டுடாதீங்க, அவரே ஒருநாள் சொல்லுவார்'னு சொன்னார்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் முன்னாலேயே அழுதேன். பக்கத்திலேயே உட்கார்ந்து, தினமும் டீ குடித்துக்கொண்டு, இத்தனை வருஷம் காத்திருந்தீரா வே?

பெட்டி இனிப் போகாது. உம் சாவி இப்போது என் சட்டைப்பையில் இருக்கிறது. வருகிற பூஜைக்குப் பின்கதவைப் பூட்டிவிட்டுப் பக்கத்தில் நிற்பேன். ஏன் பூட்டினீர்கள் என்று யாராவது கேட்கும்வரை காத்திருக்க மாட்டேன், அன்றைக்குத் திறந்தது நான்தான் என்று நானே சொல்லிவிடுவேன்.